நீந்தாவிடின் அமிழ்தல்: சுறாவின் மிதப்பும் முயற்சி பற்றிய ஓர் அறவினாவும்

சுறா ஓயாமல் நீந்துகிறது. ஓய்ந்தால் அமிழ்ந்து இறந்துவிடும் என்னும் கூற்று இன்று ஒரு நீதிமொழியின் நிலையை எய்தியுள்ளது. பரிசளிப்பு விழாக்களிலும், தொழில்வழிகாட்டற் கருத்தரங்குகளிலும், இளைஞரை ஊக்குவிக்கும் நோக்குடன் எழுதப்படும் நூல்களிலும் இதனைக் கேட்கிறோம். பிற மீன்களுக்கு இயற்கை காற்றுப்பையை அளித்தது. சுறாவுக்கோ அதனை மறுத்தது. அக்குறையைச் சுறா இடையறா முயற்சியால் வென்றது. அதனாலேயே கடலின் தலைமை அதற்குக் கிட்டிற்று. ஆகவே குறையுடன் பிறந்த மனிதனும் ஓயாது உழைத்தல் வேண்டும். இதுவே அந்நீதியின் விரிவு.

கேட்பதற்கு இனிய இவ்வுரையினுள், தன்மையால் வேறுபட்ட மூன்று கூற்றுக்கள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டுள்ளன. ஓய்ந்த சுறா அமிழ்ந்து இறக்கும் என்பது ஒரு நிகழ்வு பற்றிய கூற்று. காற்றுப்பை இன்மை சுறாவின் குறை என்பது ஒரு மதிப்பீடு. ஆகவே மனிதன் ஓயாது உழைத்தல் வேண்டும் என்பது ஒரு கட்டளை. முதலாவதைச் சரிபார்க்க வேண்டியது விலங்கியல். ஏனைய இரண்டையும் சரிபார்க்க வேண்டியது மெய்யியல். இம்மூன்றையும் தனித்தனியே ஆராய்ந்து, இந்நீதி யாரை நோக்கி, எதன்பொருட்டுச் சொல்லப்படுகிறது என்பதனை வினாவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுறா மிதக்கும் வகை

திரவத்தினுள் இருக்கும் ஒரு பொருள், தான் இடம்பெயர்க்கும் திரவத்தின் நிறைக்குச் சமமான மேலுதைப்பைப் பெறும் என்பது ஆக்கிமிடீசின் தத்துவம். ஒரு லீற்றர் கடல்நீரின் திணிவு ஏறத்தாழ 1.026 கிலோகிராம். மீனின் தசை அதனிலும் சற்றுக் கூடிய அடர்த்தியுடையது. என்போ ஏறத்தாழ இருமடங்கு அடர்த்தியுடையது. எனவே வேறு துணை எதுவும் இல்லாவிடத்து மீனுடல் கடலில் அமிழும் இயல்பினதே. என்பு மீன்களுட் பெரும்பாலானவை இதற்குக் காற்றுப்பையைத் துணைக்கொள்கின்றன. கடல்மீன் ஒன்று தன் உடலின் கனவளவில் ஏறத்தாழ 5 சதவீதமான இடத்தை வாயுவால் நிரப்பினாற் போதும். மேலெழாமலும் கீழிறங்காமலும் நின்ற இடத்தில் நிற்க அதனால் இயலும்.

சுறாவினத்திற் காற்றுப்பை இல்லை. ஆயினும் அதற்கு மூன்று வழிகள் உள. முதலாவது அதன் வன்கூடு. சுறாவின் வன்கூடு என்பினால் ஆனதன்று. என்பிலும் மிக இலேசான கசியிழையத்தால் ஆனது. உடலிற் கனமான பகுதி எதுவோ அதுவே இவ்வாறு இலேசாக்கப்பட்டுள்ளது.

இரண்டாவது அதன் ஈரல். சுறாவின் ஈரல் எண்ணெய் செறிந்தது. சில இனங்களில் மிகப் பெரியது. வாயைத் திறந்தபடி மிதவையுயிர்களை வடித்துண்ணும் பாஸ்கிங் என்னும் பெருஞ்சுறாவிலும், ஆழ்கடற் சுறாக்கள் சிலவற்றிலும் ஈரல் மட்டும் உடல் நிறையின் காற்பங்கை எட்டக்கூடும். இவ்வெண்ணெயிற் காணப்படும் இலேசான பொருள்களுள் ஒன்றுக்கு யப்பானிய இரசாயனவியலாளரான மித்சுமாறு சுஜிமோத்தோ 1916இல் ஸ்குவாலீன் எனப் பெயரிட்டார். ஸ்குவாலுஸ் என்னும் சுறாச் சாதியின் பெயரே அதற்கு அடி. இதன் ஒரு லீற்றரின் திணிவு ஏறத்தாழ 0.86 கிலோகிராம். கணக்கிட்டுப் பார்த்தால், கடல்நீரில் ஒரு லீற்றர் வாயு ஏறத்தாழ ஒரு கிலோகிராமைத் தாங்கவல்லதாக, ஒரு லீற்றர் ஸ்குவாலீன் ஏறத்தாழ 170 கிராமை மட்டுமே தாங்கவல்லது. வாயு செய்யும் அதே வேலையைச் செய்ய எண்ணெய்க்கு ஆறு மடங்கு இடம் வேண்டும். சுறாவின் ஈரல் அத்துணைப் பெரிதாய் இருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

மூன்றாவது அதன் இயக்கம். சுறாவின் மார்புச் செட்டைகள் ஆகாயவிமானத்தின் சிறகுகள்போல் விரிந்து விறைத்திருப்பன. சுறா முன்னோக்கிச் செல்கையில் அவற்றினாலும் உடலின் சாய்வினாலும் மேல்நோக்கிய விசை பிறக்கிறது. இவ்விசைக்கு விலை உண்டு. நீரின் தடையை வென்று சக்தியைச் செலவிட்டே அதனைப் பெறல் வேண்டும். அவ்விலையையும் இயன்றவரை குறைத்துக்கொள்ளவே சுறா முனைகிறது. பெருஞ் சம்மட்டித்தலைச் சுறா தன் நேரத்திற் பெரும்பகுதியைப் பக்கவாட்டிற் சரிந்து நீந்துவதிற் கழிப்பதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டிற்று. அதன் முதுகுச் செட்டை மார்புச் செட்டையினும் நீண்டது. சரிந்தவிடத்து அதுவும் ஒரு சிறகாகிவிடுகிறது. நீந்தலுக்கான செலவு ஏறத்தாழ பத்திலொரு பங்கால் குறைகிறது.

இவற்றை ஒருங்கு நோக்குவோர்க்கு ஒன்று புலனாகும். சுறாவின் மிதப்பு ஓயா முயற்சியின் விளைவன்று. வன்கூடும் ஈரலும் சுமையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ள, எஞ்சிய சிறுபகுதியையே முயற்சி தாங்குகிறது. முயற்சியின் தேவையைக் குறைத்து வைப்பதே அவ்வுடலமைப்பின் போக்கு எனலாம்.

ஓய்ந்த சுறா

இனி, ஓய்ந்த சுறா இறந்துவிடும் என்பதை நோக்குவோம். இக்கூற்று அமிழ்தலையும் மூச்சடைத்தலையும் ஒன்றாகக் குழப்புகிறது. சுவாச உறுப்பாகிய பூக்களின் மேல் நீர் ஓடிக்கொண்டிருந்தாலே மீனுக்கு ஒட்சிசன் கிட்டும். பெரும் வெண்சுறா, சம்மட்டித்தலைச் சுறா போன்றன, வாய்வழி புகும் நீர் பூக்களைக் கடந்து செல்லும்பொருட்டு நீந்துவதையே நம்பியிருப்பன. அவற்றுக்கு ஓய்வு ஆபத்தே. ஆனால் அது மிதப்புப் பற்றிய செய்தியன்று. சுவாசம் பற்றிய செய்தி. மேலும் அது எல்லாச் சுறாக்களுக்கும் உரிய செய்தியுமன்று. தாதிச் சுறா போன்ற இனங்கள் வாயின் தசைகளால் நீரை உள்ளிழுத்துப் பூக்களின் வழியே செலுத்திக்கொண்டு, கடலடியிற் பல மணிநேரம் அசையாது கிடக்கின்றன. அவற்றைப் பொறுத்தவரை அமிழ்தல் என்பது அழிவன்று. படுக்கைக்குச் செல்லுதலே ஆகும்.

ஓயாது நீந்துவனவென்று கருதப்பட்ட இனங்களைச் சேர்ந்த சுறாக்களே மெக்சிக்கோவின் இஸ்லா முகேரெஸ் தீவருகே கடலடிக் குகைகளில் அசைவற்றுக் கிடப்பதை, 1970களில் யூஜெனி கிளார்க் என்னும் அமெரிக்க விலங்கியலாளர் நேரிற் சென்று ஆராய்ந்தார். மணற்புலிச் சுறா என்னும் இனமோ கடலின் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி, அதனை இரைப்பையில் அடக்கி வைத்து, ஏறத்தாழ அசையாமலே நீரில் நிற்கிறது. காற்றுப்பை இல்லாதவிடத்து இரைப்பையையே காற்றுப்பையாக்கிக் கொள்ளும் இதனை முயற்சியின் சின்னம் என்பதா, ஓய்வின் சின்னம் என்பதா?

இவையெல்லாவற்றினும் வியப்பானது ஹவாய்த் தீவுகளின் ஆழ்கடலிற் கண்டறியப்பட்டு 2015இல் வெளியிடப்பட்ட செய்தி. அங்கு ஆராயப்பட்ட இரு சுறாவினங்கள் நீரினும் இலேசானவையாய் இருந்தன. மேலே செல்கையில் அவை வாலசைக்காமல் வழுக்கிச் சென்றன. கீழே இறங்குவதற்கே வலிந்து நீந்தின. நீந்தாவிடின் அமிழ்தல் என்னும் நீதி இவற்றிடம் நீந்தாவிடின் உயர்தல் என்று தலைகீழாகி விடுகிறது.

எனவே முதலாவது கூற்று, சில இனங்களுக்குச் சுவாசத்தின் காரணமாகப் பொருந்துவதாயினும், சுறாவினம் முழுவதற்குமான உண்மையன்று.

இன்மையும் குறையும்

இரண்டாவது கூற்று இன்னும் ஆழமானது. காற்றுப்பை சுறாவிடம் இல்லை என்பதை எவரும் மறுக்கவியலாது. ஆனால் இல்லாமை எல்லாம் குறையாகுமா?

அரிஸ்ரோட்டில் தமது மெய்யியல் நூலின் ஐந்தாம் புத்தகத்தில் இன்மை என்னுஞ் சொல்லின் பொருள் வேறுபாடுகளை வகுக்கிறார். செடிக்குக் கண் இல்லை. அகழெலிக்குப் பார்வை இல்லை. குருடனுக்கும் பார்வை இல்லை. மூன்றிலும் ஒரே சொல்லை ஆள்கிறோமாயினும் பொருள் ஒன்றன்று. கண் செடியினத்துக்கே உரியதன்று. அகழெலி தான் சார்ந்த விலங்கினத்தை நோக்கவே பார்வையற்றது. குருடனோ தன் இயல்பை நோக்கப் பார்வையற்றவன். தனக்கு இருந்திருக்க வேண்டிய ஒன்றை இழந்து நிற்பவன். கடைசியிற் கூறப்பட்டதையே இழப்பு என்னும் முழுப் பொருளிற் குறை எனல் தகும்.

நமது கீழைத்தேய அளவையியலாரும் இதனை நுணுகி ஆராய்ந்துள்ளனர். நியாய வைசேடிகர் அபாவத்தைத் தனியொரு பதார்த்தமாகவே கொண்டனர். எதன் இன்மை என்பது முன்னரே அறியப்பட்டாலன்றி இன்மை அறியப்படாது என்பது அவர்தம் கருத்து. நிலத்திற் குடம் இல்லை என்று சொல்பவன் குடத்தை முன்னரே மனத்திற் கொண்டவனாவான். சுறாவிடம் காற்றுப்பை இல்லை என்று சொல்பவனும் என்பு மீனை மனத்திற் கொண்டே சுறாவை நோக்குகிறான். குறை சுறாவிடம் இல்லை. ஒப்பிடுவோன் கையிலுள்ள அளவுகோலில் உள்ளது.

அளவுகோலை மாற்றிப் பார்த்தால் இது தெளிவாகும். காற்றுப்பை செலவின்றிக் கிடைத்த வரமன்று. கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. மேற்பரப்பிலிருந்து 10 மீற்றர் இறங்கினால், போயிலின் விதிப்படி, பையிலுள்ள வாயு அரைவாசியாகச் சுருங்கும், மீன் கனத்துப்போகும். மேலேறினால் வாயு விரியும். மீன் தன் விருப்பின்றியே மேலெழும். ஆழத்திலிருந்து விரைந்து இழுத்தெடுக்கப்படும் மீன்களின் இரைப்பை வாய்வழியே பிதுங்கி நிற்பதைக் கண்ட மீனவர் பலர். காற்றுப்பை மீனுக்கு ஓய்வைக் கொடுக்கிறது. ஆனால் ஓர் ஆழத்துடன் அதனைப் பிணைத்தும் விடுகிறது. எண்ணெயோ அமுக்கத்தாற் சுருங்குவது மிகச் சிறிது. ஆகவே சுறா மேற்பரப்பிலிருந்து ஆழத்துக்கும், ஆழத்திலிருந்து மேற்பரப்புக்கும் தடையின்றிச் சென்று மீள்கிறது. சுறாவின் இடத்தில் நின்று பேசுவதாயின், என்பு மீனே ஆழத்தைக் கடக்கும் சுதந்திரம் மறுக்கப்பட்ட குறைப்பிறவி என்று கூறிவிடலாம். இரண்டும் ஒருதலையான பேச்சே.

சுறாக்களும் என்பு மீன்களும் வெவ்வேறு கிளைகளாகப் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அவை ஒரே வினாவுக்கு இருவேறு விடைகளைக் கண்டுள்ளன. ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெற்றது. எனவே சுறா தன் குறையை வென்றது என்பது, இல்லாத குறையொன்றை அதன்மேல் ஏற்றிப் பின் அதை வென்றதற்காகப் பாராட்டுவதாகும்.

இயற்கை அறம் போதிக்குமா?

முதலிரு கூற்றுக்களும் வழுவற்றவை என ஒரு வாதத்துக்காக ஏற்றுக்கொள்வோம். அப்போதும் மூன்றாவது கூற்று அவற்றிலிருந்து பெறப்படுமா? பெறப்படாது. உள்ளது என்பதிலிருந்து வேண்டும் என்பதற்கு, இடையில் எவ்வித விளக்கமுமின்றித் தாவிச் செல்லும் எழுத்தாளரின் வழக்கத்தை டேவிட் ஹியூம் 1739-40இல் வெளிவந்த தமது நூலிற் சுட்டிக்காட்டினார். சுறா நீந்துகிறது என்பதிலிருந்து நான் நீந்துதல் வேண்டும் என்பது வருமாயின், சுறா செய்யும் ஏனையவற்றையும் நான் செய்தல் வேண்டும்.

இதற்கு மேலே கூறிய மணற்புலிச் சுறாவே போதிய சான்று. அதன் தாயின் கருப்பையில் முதலில் வளர்ச்சியடையும் குஞ்சு, தன்னுடன் வளரும் ஏனைய குஞ்சுகளை விழுங்கி வளர்கிறது. பிறப்பதற்கு முன்னரே உடன்பிறப்புக்களைத் தின்னும் இச்செயலை எந்தப் பரிசளிப்பு மேடையிலும் எவரும் நீதியாக எடுத்துரைப்பதில்லை. ஏன்? உடன்பிறப்பைத் தின்னல் தகாது என்பதை நாம் சுறாவிடம் கற்கவில்லை, முன்னரே அறிந்திருக்கிறோம். அவ்வாறாயின், முயற்சி நன்று என்பதையும் நாம் சுறாவிடம் கற்கவில்லை. நமக்கு உவந்த நீதியை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கு இசைந்த விலங்கைப் பின்னர் தேடிச் செல்கிறோம். உவமை பொருளை விளக்க உதவும், பொருளை நிறுவமாட்டாது.

இவ்வழு வரலாற்றிற் பெருந்தீங்கு விளைத்த வழுவாகும். தகுதியுடையது எஞ்சுதல் என்னும் பொருள்பட ஹேபேட் ஸ்பென்சர் 1864இல் ஆக்கிய சொற்றொடர், உயிரியலின் எல்லையைக் கடந்து, வறியவனின் வறுமையை இயற்கையின் தீர்ப்பாகக் காட்டுவோர்க்குக் கருவியாயிற்று. டார்வினின் நண்பரும் அவர் கொள்கையின் உறுதியான ஆதரவாளருமாகிய தோமஸ் ஹக்ஸ்லியே 1893இல் ஒக்ஸ்போட்டில் நிகழ்த்திய பேருரையில் இதனை மறுத்தார். சமுதாயத்தின் அறவழி முன்னேற்றம் இயற்கையின் போக்கைப் பின்பற்றுவதில் இல்லை. அதனை எதிர்த்து நிற்பதிலேயே உள்ளது என்பது அவருரையின் சாரம். கூர்ப்புக் கொள்கைக்காக வாழ்நாள் முழுதும் வாதாடிய ஒருவர் இதனைக் கூறியமை கவனத்திற் கொள்ளத்தக்கது.

ஆக்கப்பட்ட குறை

இதுவரை சுறாவிடம் குறை இல்லை என்றோம். ஆயினும் அரிஸ்ரோட்டில் கூறிய முழுப் பொருளிற் குறையுற்ற சுறாக்களும் கடலில் உண்டு. அவை மனிதனால் ஆக்கப்பட்டவை.

சுறாச் செட்டைக்குச் சந்தையில் உள்ள விலையுடன் ஒப்பிடுகையில் அதன் இறைச்சியின் விலை அற்பமானது. ஆகவே ஆழ்கடலில் நெடுநாள் தங்கும் கலங்களிற் பல, செட்டைகளை மட்டும் அரிந்தெடுத்து, உடலைக் கடலிலே வீசிவிடும் வழக்கத்தை மேற்கொண்டன. வீசப்படும் சுறா பலவேளைகளில் உயிருடனேயே இருக்கும். செட்டையற்ற அவ்வுடலால் நீந்தவோ திசைதிரும்பவோ இயலாது. அது கீழ்நோக்கிச் செல்லும். பூக்களில் நீரோட்டம் இன்றி மூச்சடைத்தோ, பிற உயிர்களுக்கு இரையாகியோ முடியும். நீந்தாவிடின் அமிழ்ந்து இறத்தல் என்பது இங்குதான் முழு உண்மையாகிறது. அதனை உண்மையாக்கியது இயற்கையன்று, மனிதனின் கத்தி.

ஈரலின் கதையும் இத்தகையதே. உயிர்ச்சத்து ஏயின்பொருட்டு 1930களின் பிற்பகுதியில் கலிபோர்னியக் கரையில் சூப்பின் என்னும் சுறா பெருவாரியாகப் பிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் ஐரோப்பாவிலிருந்து கொட் மீனெண்ணெய் வருவதைத் தடுத்தபோது இம்முயற்சி மேலும் பெருகி, சில ஆண்டுகளுள் மீன் அருகியமையாற் சரிந்தது. நமது அயலிலுள்ள மாலைதீவில் 1980ஐ ஒட்டி, ஸ்குவாலீன் மிக்க ஆழ்கடற் சுறாக்களைப் பிடிக்கும் தொழில் தொடங்கிற்று. அதுவும் விரைவில் உச்சத்தை எட்டி, விரைவிலேயே வீழ்ந்தது. 2010இல் மாலைதீவு சுறா பிடித்தலையே முற்றாகத் தடைசெய்தது. சுறாக்கள் காலந்தாழ்த்தி முதிர்வன; சில குஞ்சுகளையே ஈனுவன; இழந்த தொகையை விரைந்து ஈடுசெய்ய அவற்றால் இயலாது. 1970ஆம் ஆண்டிலிருந்து அரை நூற்றாண்டளவிற் பெருங்கடற் சுறாக்களினதும் திருக்கைகளினதும் தொகை 71 சதவீதத்தால் வீழ்ந்தமையை 2021இல் வெளியான ஆய்வொன்று கணித்தது.

எவ்வுறுப்புக்களாற் சுறா மிதக்கிறதோ அவ்வுறுப்புக்களுக்காகவே அது கொல்லப்படுகிறது என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஈரல் சுறாவுக்கு மிதவை மட்டுமன்று. அதுவே சேமிப்பும் ஆகும். கலிபோர்னியாவிலிருந்து பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதிக்கு 4000 கிலோமீற்றருக்கு மேற் பயணஞ்செய்யும் பெரும் வெண்சுறா, வழியெங்கும் தன் ஈரற் கொழுப்பையே செலவிட்டு வாழ்கிறது. கொழுப்புக் குறையக் குறைய அது நீரில் இறங்கும் வேகம் கூடுவதை 2013இல் வெளியான ஆய்வு அளந்து காட்டிற்று. தன் சேமிப்பை உண்ண உண்ணக் கனத்துப்போகும் ஓர் உயிரின் நிலை அது.

இதனாற் சுறாவை உண்பதே பாவம் என வாதிடுவது எமது கருத்தன்று. பிள்ளை பெற்ற தாய்க்குப் பாற்சுறாச் சமைத்துக் கொடுப்பது நம்மவர் வீடுகளில் நெடுங்கால வழக்கம். பட்டினப்பாலையிற் பரதவர் சினைச்சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டமை பேசப்படுகிறது. கடலை நம்பி வாழ்ந்தோர் சுறாவைக் கொன்றனர், உண்டனர், அதனைத் தொழவும் செய்தனர். அங்கு உயிரொன்றைக் கொள்வதில் ஓர் அளவும் ஓர் அச்சமும் இருந்தன. செட்டையை அரிந்து உடலை எறியும் செயலில் அவ்விரண்டும் இல்லை. அச்செயலின் இலாபமும் கத்தி பிடித்த கூலித் தொழிலாளியைச் சேர்வதில்லை. நமது நாட்டில் 2001ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள், செட்டை உடலுடன் பொருந்திய நிலையிலேயே சுறா கரைசேர்க்கப்படல் வேண்டும் என விதித்தன. 2012இல் நீள்வாற் சுறாவினத்தைப் பிடித்தல் தடைசெய்யப்பட்டது. இவ்விதிகளின் அறவடிப்படை எளிமையானது: ஓர் உயிர் எதனால் நிற்கிறது என்பதை அறிந்தவனுக்கு, அதனை அறுக்காதிருக்கும் கடமையும் உண்டு. அறியாமையிற் செய்ததற்குச் சொல்லக்கூடிய சமாதானம் அறிந்தபின் செல்லாது.

நீதி யாருக்குச் சொல்லப்படுகிறது?

இப்பொழுது மனிதனிடம் மீள்வோம். முயற்சியை இகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. வள்ளுவர் மடியின்மைக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தார். அவற்றின் பெருமையை மறுப்பார் இலர். ஆனால் அதே வள்ளுவர் இரவச்சம் என்னும் அதிகாரத்தில், இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் அவ்வாறு உலகை இயற்றியவனே அலைந்து கெடுவானாக எனச் சபிக்கிறார். முயற்சியின் பெருமையை அறிந்த அவர், இரப்பவனை நோக்கி நீ போதிய அளவு முயலவில்லை என்று கூறவில்லை. இந்நிலையை ஆக்கியது யார் என்றே வினாவினார். முயற்சியைப் போற்றுதலும், முயல்வோனின் கைகால்களைக் கட்டிவைத்த நிலையை வெறுத்தலும் அவரிடம் முரண்படாமல் நிற்கின்றன.

சுறாவை உவமை காட்டும் நீதியுரையில் இவ்விரண்டாவது பகுதி விடுபட்டுப் போகிறது. அங்கு குறை என்பது பிறப்போடு வந்தது, இயற்கையானது, எவரும் பொறுப்பேற்க வேண்டாதது. மனித சமுதாயத்தில் நாம் காணும் குறைகளிற் பெரும்பாலானவை அவ்வாறானவையா? தோட்டத்து லயத்திற் பிறந்த பிள்ளைக்குப் புத்தகம் இல்லாமை, சுறாவுக்குக் காற்றுப்பை இல்லாமையைப் போன்றதன்று. அது செடிக்குக் கண் இல்லாமையுமன்று. கல்வி மனிதப் பிள்ளைக்கு உரியது; உரியதொன்று கிட்டாமற் போனது. ஆகவே அது முழுப் பொருளிற் குறை. செட்டை அரியப்பட்ட சுறாவின் குறை. அப்பிள்ளையிடம் சென்று, காற்றுப்பை இல்லாமலே வாழும் சுறாவைப் பார் என்று கூறுபவர், முழுமையான சுறாவைக் காட்டி, செட்டையிழந்த சுறாவுக்கு நீதி சொல்பவராவார். இதுவே அந்நீதியின் அடிப்படை வஞ்சகம்.

பல்கலைக்கழகத்துக்குள் வந்தபின்னும் இந்நிலை முடிந்துவிடுவதில்லை. ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கும் இருவருள் ஒருவர் மாத இறுதியில் வீட்டிலிருந்து பணம் வரும் என்ற உறுதியுடன் நூலகத்துக்குச் செல்கிறார். மற்றவர் மாலை தோறும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்து, அப்பணத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பியபின் இரவிற் குறிப்புக்களை எடுக்கிறார். பரீட்சைப் பெறுபேறு வெளியாகும்போது இருவரின் புள்ளிகளும் ஒரே பட்டியலில் இடம்பெறுகின்றன. இரண்டாமவர் சித்தியெய்தினால் அவர் முயற்சியின் சின்னமாக மேடையேற்றப்படுகிறார். எய்தாவிடின், நீந்தாதவர் அமிழ்ந்தார் என்ற ஒற்றை வாக்கியத்தில் அவர் கதை முடிக்கப்படுகிறது. மேடையேற்றப்படும் ஒருவரைக் காட்டி, அமிழ்ந்த பலரைப் பற்றிய வினாவை மறைத்துவிடலாம் என்பதே இந்நீதியின் வசதி.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். சமுதாயம் மாறும்வரை தனிமனிதன் கைகட்டி இருப்பதா? அவனளவில் முயற்சியைத் தவிர வேறு வழி என்ன? இந்த ஆட்சேபத்தில் உண்மை உண்டு. அமிழ்ந்துகொண்டிருப்பவன் நீந்தவே வேண்டும். தன்னைப் பார்த்துத் தானே நீந்து என்று கூறிக்கொள்ளும் ஒருவனின் சொல் வணங்கத்தக்கது. ஆனால் கரையில் நிற்பவன் நீரிலிருப்பவனைப் பார்த்து அதே சொல்லைக் கூறும்போது அது அதே சொல்லாய் இருப்பதில்லை. முன்னது உறுதி, பின்னது கைகழுவல். ஒரு கட்டளையின் அறப்பெறுமதி அதன் சொற்களில் மட்டும் தங்குவதில்லை. அதனைச் சொல்பவர் எங்கு நிற்கிறார் என்பதிலும் தங்கியுள்ளது.

நமது நாட்டின் அனுபவமும் இதனையே வலியுறுத்தும். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின்னரே கிராமத்துப் பிள்ளைகள் பெருந்தொகையினராய்ப் பல்கலைக்கழக வாயிலை அடைந்தனர். அவர்தம் பாட்டன்மார் முயற்சி குறைந்தவராய் இருந்தமையால் அதற்கு முன் அது நிகழாமற் போகவில்லை. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசினாற் பொறுப்பேற்கப்படும்வரை மலையகப் பிள்ளைகளுக்கு அவ்வாயில் பெரும்பாலும் மூடியே கிடந்தது. அவர்களின் பெற்றோரினும் கடுமையாக உழைத்தோர் இந்நாட்டில் எவர்? உழைப்பு அன்றும் இருந்தது. தாங்குந்துணையே இருக்கவில்லை. அத்துணை ஓரளவேனும் கிட்டியபின் அதே உழைப்பு பலன் தந்தது.

சுறாவின் உடலை உள்ளவாறு நோக்கினால் முயற்சி அதன் மிதப்பில் ஒரு பங்கே என்பதைக் கண்டோம். ஏனைய பங்கை வன்கூடும் ஈரலும் ஏற்கின்றன. இதனையும் ஒரு நீதியாக்கி, இயற்கையே சமூகப் பாதுகாப்பைப் போதிக்கிறது என்று நாம் கூறப்புகின், மேலே மறுத்த அதே வழுவில் வீழ்வோம். ஆகவே அவ்வாறு கூறாதொழிவோம். ஒரு பிள்ளைக்குப் புத்தகமும் உணவும் படிக்க ஒளியும் வேண்டும் என்பதற்கு எந்த விலங்கின் சாட்சியமும் வேண்டியதில்லை. அவை அப்பிள்ளைக்கு உரியவை என்பதே போதிய காரணம்.

அடுத்தமுறை ஒருவர் மேடையேறிச் சுறாவைப் பற்றிப் பேசுகையில் அவரிடம் நாம் இரண்டு வினாக்களை எழுப்பலாம். நீர் கூறும் குறை பிறப்பால் வந்ததா, அரிந்தெடுக்கப்பட்டதா? அரிந்தெடுக்கப்பட்டதாயின், கத்தி யார் கையில் இருந்தது? இவ்விரண்டுக்கும் விடை கூறியபின் அவர் முயற்சியின் பெருமையைப் பேசட்டும், நாமும் செவிமடுப்போம்.